செம்பியின் வாயில் நுரை இல்லை

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஆறாம் கட்டத்திலிருந்து. 1979 ஜனவரியில் அந்தக் கட்டத்துக்குள் நான் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். அதில் ஒரு வார்த்தைக்குத் தமிழில் நுரை என்று பொருள். அந்த வரி முழுக்கவே கற்பனைதான். ஆனால் கேடு செய்தது அந்த ஒரு வார்த்தை.

ஏழு வருஷமாக இதை எழுதப் பார்க்கிறேன். கிழித்துப் போட்ட தொடக்கங்களில் இரண்டை மட்டும் காட்டுகிறேன்.

"ஜனவரிக் குளிரில் ஆர்.கே.புரம் முழுவதும் ரஜாய்க்குள் சுருண்டு கிடந்தபோது, ஒரு நாய் மட்டும்...

(நிறுத்திவிட்டேன். டெல்லித் தமிழனுக்குக் குளிரைச் சொல்லாமல் கதை தொடங்கவே தெரியாதா என்று ஊரிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் எனக்கு எழுதியிருக்கிறார். தவிர, அன்று நல்ல வெயில்.)

"நான் செம்பி. நாய். மனிதர்களாகிய உங்களுக்கு என் பாஷை...

(இதையும் நிறுத்தினேன். அந்த நாயின் வாயில் ஒருமுறை நான் வைத்ததே போதும்.)

ஆகவே, நடந்ததை நடந்தபடி.

2

என் பெயர் வைத்தி. கும்பகோணம் பக்கம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அப்பர் டிவிஷன் கிளார்க். சாயங்காலங்களில் கதை எழுதுகிறவன். அப்போது கட்டை பிரம்மசாரி. என் குவார்ட்டர்ஸுக்கு நேர் கீழே பரமசிவம் குடியிருந்தார், சங்கரன்கோவில்காரர். அவர் மனைவி வள்ளியம்மை. மகள் கோமதிக்கு ஆறு வயது.

இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்த்தவள் வீராயி. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் புருஷனோடு வந்தவள், வயது என் வயதுதான் இருக்கும். நாலா என்கிற பெரிய சாக்கடைக் கரையோரம் இருந்த குடிசைகளில் ஒன்று அவளுடையது. காலையில் அவள் பின்னாலேயே ஒரு செவலை நாய் வரும். புல்வெளிக் குழாயடியில் உட்கார்ந்திருக்கும். அவள் வேலை முடித்துக் கிளம்பும்போது கூடவே கிளம்பும். உன் நாயா என்று கேட்டால், "யாரு நாயும் இல்லீங்க சார், அதுவா எங்கூட வருது" என்பாள். செம்பி என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

அந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். நல்லெண்ணெய், வெல்லம், கொஞ்சம் முருங்கைக்காய். நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. (இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். நான் அங்கே இல்லை. நான் எதையும் பார்க்கவில்லை.)

புல்வெளியில் வழக்கம்போல் எல்லோரும் வெயில் காய்ந்திருக்கிறார்கள். பெண்கள் ஸ்வெட்டர் பின்ன, ஆண்கள் வேர்க்கடலை உரித்தபடி சீட்டாட. குழாயடியில் செம்பி காய்ந்த சப்பாத்தி ஒன்றைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. கோமதி ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது கடித்தது. இடது முழங்கைக்குக் கீழே இரண்டு கீறல்.

டிஸ்பென்ஸரி டாக்டர் பார்த்துவிட்டு, கீறல் மேலோட்டமானதுதான் என்றார். நாயைப் பத்து நாள் கண்ணில் வைத்திருங்கள், பத்து நாளும் அது நன்றாக இருந்தால் ஊசியே வேண்டாம். செத்தாலோ காணாமல் போனாலோ அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. இதைக் கேட்டு வள்ளியம்மை குழந்தையின் வயிற்றைத் தன் கையால் மூடிக்கொண்டாள் என்று பரமசிவம் சொன்னார்.

ஆக, ஆறு வயதுப் பெண்ணின் வயிறும் ஒரு தெருநாயின் உயிரும் அந்தப் பத்து நாளில் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. அன்று இது எங்கள் யாருக்கும் புரியவில்லை. வீராயிக்குப் புரிந்திருந்தது.

3

முனிசிபாலிட்டிக்காரர்கள் நாயைப் பிடித்துப் போய்க் கூண்டில் வைத்துப் பார்க்கட்டும் என்பது பரமசிவத்தின் யோசனை. தப்பான யோசனை என்று சொல்ல முடியாது. டிஸ்பென்ஸரியிலேயே அதற்கொரு படிவம் வாங்கிக்கொண்டு அன்று சாயங்காலமே மாடி ஏறி வந்தார்.

"வே, நீரு கத எழுதுதவரு. நல்லா உறைக்கிற மாதிரி எழுதிக் குடும். சும்மா எழுதினா ஆறு மாசம் கழிச்சுல்லா வண்டி வரும்" என்றார்.

பெயர், முகவரி, தேதி, இடம், காயத்தின் தன்மை. ஐந்து கட்டமும் சுலபமாக நிரம்பின. ஆறாவது: கடித்த சமயத்தில் விலங்கின் நிலை.

"எப்படி இருந்தது சார்?"

"எனக்கென்னவே தெரியும்? நான் சீட்டைல்லா பாத்துக்கிட்டு இருந்தேன். வால ஆட்டிக்கிட்டுதான் நின்னுதாம். வால ஆட்டுத நாயி கடிக்குமா? கடிச்சிருக்கே. அப்ப அது வெறிதான்."

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை.* எங்கள் செக்‌ஷன் ஆபீசர் அய்யாசாமி, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குச் சொன்ன பாடம்: கட்டத்தைக் காலியாக விட்டால் ஃபைல் திரும்பி வரும். பதினோரு வருஷ சர்வீஸில் ஒரு கட்டத்தைக்கூட நான் காலியாக விட்டதில்லை. 'தெரியவில்லை' என்று எழுதலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆபீசில் அப்படி எழுதுகிறவனுக்கு என்ன பெயர் என்று ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எழுதினேன். கண்கள் சிவந்து, வால் விறைத்து, வாயில் நுரை தள்ள. எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். ஓசை நன்றாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

அதோடு விட்டேனா? யாரும் கேட்காமலே கார்பன் வைத்து ஒரு நகலும் எடுத்து, அடியில் 'நகல்: டிஸ்பென்ஸரி மருத்துவருக்கு, தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்' என்று சேர்த்தேன். நகல் போடாத கடிதம் எங்களுக்கு மொட்டைக் கடிதம்.

(* இரண்டு தொழில். எந்தத் தொழில் அந்த வார்த்தையை எழுதியது என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை. கட்டத்தை நிரப்பியது கிளார்க். நுரையால் நிரப்பியது எழுத்தாளன் என்றுதான் தோன்றுகிறது.)

4

திங்கட்கிழமை சாயங்காலம் வீராயி வந்தாள். பாத்திரத்தில் கை வைக்கவில்லை. அடுக்களை வாசலில் நின்றாள்.

"சார், பேப்பர்ல நொரன்னு எழுதிக் குடுத்தீங்களாமே. கீழ் வூட்டு சாரு பார்க்குல எல்லாருக்கும் படிச்சிக் காட்டுனாரு."

"ஆமாம்."

"நொர இல்லீங்க சார். நா கொழாயாண்டதான் நின்னன். மொதல்லேருந்து பாத்தன்."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்தக் கதையில் நான் அலங்காரம் செய்யாத பகுதி இது.

"பாப்பா வந்து கட்டிப் புடிச்சதும் அது திங்கிறத நிறுத்திடுச்சி. மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கிச்சி. மூக்க நக்குச்சி. மூக்குல ஒண்ணுமில்ல, சும்மா நக்குச்சி. பொறவு கொட்டாவி வுட்டுச்சி. தூக்கத்துல வர்ற கொட்டாவி இல்ல சார் அது, எனக்குப் புடிக்கலன்னு சொல்ற கொட்டாவி. பாப்பா இன்னும் இறுக்குச்சி. அது அப்பிடியே கட்டையாட்டம் ஆயிடுச்சி, கண்ணுல வெள்ள தெரிஞ்சிச்சி. கடசியா உர்ருன்னுச்சி. இத்தினி தபா வுட்டுடு வுட்டுடுன்னு சொல்லிச்சி சார். அப்பறந்தான் கடிச்சிச்சி. கடிச்சதும் வுட்டுடுச்சி. வெறி நாயி வுடுமா?"

"வால் ஆட்டிக்கொண்டிருந்ததாமே?"

"ஆட்டுச்சி. வால மேல தூக்கிக்கினு, நுனி மட்டும் வெடுக்கு வெடுக்குன்னு ஆட்டுச்சி. சந்தோசத்துல ஆட்டுறப்ப இடுப்பும் சேந்து ஆடும் சார். நீங்க பாத்ததே இல்லியா?"

பார்த்ததே இல்லை. தினமும் அந்த நாயைத் தாண்டித்தான் பஸ் ஏறப் போனேன்.

(எழுதும்போது ஒரு சந்தேகம். படிக்காத வேலைக்காரி ஞானம் பேசுவதும் படித்தவன் வாய் பிளந்து கேட்பதும் கதைகளில் ரொம்ப மலிவு. வீராயியை நான் அப்படி ஆக்குகிறேனா? இல்லை என்று நினைக்கிறேன். அவள் ஞானி இல்லை. அந்த நாய் வாசலில் படுத்திருந்தால்தான் குடித்துவிட்டு வரும் மேஸ்திரி குடிசைப் பக்கம் வருவதில்லை. அவளுக்கு அது வேண்டியிருந்தது. வேண்டியிருந்ததால் அதைப் பார்த்துப் பழகியிருந்தாள்.)

நான் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இவ்வளவும் பார்த்தவள் குழந்தையை ஏன் இழுக்கவில்லை?"



"தீவாளி சமயத்துல பாப்பா படியில வுழுந்துச்சி. தூக்கினன். அந்தம்மா பாப்பாவ வாங்கினு போயி நேரா தலையில தண்ணி ஊத்துனாங்க. அதுலேருந்து தொட்றதில்ல சார். அன்னிக்கும் கை நீட்டுனன். நீட்டிட்டு நிறுத்திட்டன்."

பிறகு சொன்னாள்: "பத்து நாளு அது கண்ணு முன்னால இருந்தா பாப்பாக்கு ஊசி இல்லன்னு டாக்டரு சொன்னாராமே. நா கட்டிப் போட்டு வெச்சிக்கிறன். நொரன்னு இருந்தா கூண்டுல வெக்க மாட்டாங்க, அன்னிக்கே கொன்னுடுவாங்க. நீங்க நொர இல்லன்னு மாத்தி எழுதிக் குடுங்க சார்."

"பார்க்கறேன்" என்றேன்.

5

எழுதினேன். செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில், ஆபீசில். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது:

"மேற்படி விண்ணப்பத்தின் தொடர்ச்சியாக, ஆறாம் கட்டத்தில் 'நுரை' எனக் குறிப்பிடப்பட்டது, நேரில் பார்த்த

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. நேரில் பார்த்த யார்? விண்ணப்பத்தில் கையெழுத்துப் பரமசிவத்துடையது, எழுதிய கை என்னுடையது. பொய் எழுதிக் கொடுத்த அரசு ஊழியன் என்று யாராவது மேலே ஒரு கடிதம் போட்டால்? ப்ரமோஷன் வரிசையில் நான் மூன்றாவது ஆளாக இருந்தேன். வீராயி சொன்னதை வைத்து எழுதினேன் என்றால் பரமசிவம் என் முகத்தில் முழிப்பாரா? நாளைக்கு எழுதலாம் என்று மடித்து டிராயரில் வைத்தேன்.

எழுத்தாளர்களுக்கு டிராயர் என்று ஒன்று இருப்பது நல்லதில்லை.

6

அந்த நாயைத் தெரிந்துகொள்ளாமல் போனதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, இந்த ஏழு வருஷமாக நாய்களைப் பார்க்கிறேன். லோதி ரோடு பஸ் ஸ்டாப்பில், மலை மந்திர் படிக்கட்டில், மார்க்கெட் குப்பை மேட்டில். வீராயி சொன்னது அத்தனையும் சரி. சண்டை வேண்டாம் என்கிற நாய் இன்னொரு நாயை நோக்கி நேராக வராது, வளைந்து வரும். நடுவில் நின்று ஒன்றுமில்லாத தரையை முகர்ந்து பார்க்கும். பயம் தீர்ந்ததும், நனையாத உடம்பை நனைந்ததுபோல் உதறும். முன்னங்கால் இரண்டையும் நீட்டிப் பின்புறத்தைத் தூக்கினால், விளையாட வா என்று அர்த்தம். அப்படிக் கூப்பிட்ட பிறகு வருகிற கடி, கடியே இல்லை. டைரக்டர் அறைக்குள் ஃபைலோடு போகும் நாங்கள்கூட உதட்டை நக்கிக்கொள்கிறோம். இதையெல்லாம் ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. சொன்னவளிடம்தான் பார்க்கறேன் என்றேனே.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. நாயின் கொட்டாவிக்கு 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று வீராயி பொருள் சொன்னதும், நான் நுரை என்று எழுதியதும் ஒரே காரியமா? இரண்டு பேருமே பேசாத ஒன்றின் சார்பில்தானே பேசினோம்? ஆமாம். ஆனால் அவள் பார்த்துவிட்டுப் பேசினாள். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தை நான் சின்னதாக நினைத்துவிட்டேன்.

7

புதன்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு வண்டி வந்தது. கம்பி வளையத்தோடு இரண்டு பேர். நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக் கீழே இறங்கியிருந்தேன். பரமசிவம் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார். குழாயடியில் வீராயி, அவள் காலருகில் செம்பி, கழுத்தில் ஒரு கிழிந்த துப்பட்டாவின் முடிச்சு. சொன்னபடி அவள் கட்டித்தான் வைத்திருந்தாள்.

வளையத்தைக் கண்டதும் நாய் ஓடவில்லை. காதைப் பின்னால் படியவைத்துக்கொண்டு வயிறு தரையில் உரசத் தவழ்ந்தது. வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டது. அந்த ஆள் குனிந்ததும் மல்லாந்து வயிற்றைக் காட்டியது. அப்படியே சிறுநீர் கழித்தது. உங்களை ஒன்றும் செய்யமாட்டேன் என்பதைச் சொல்ல இதற்கு மேல் ஒரு நாயிடம் எதுவும் இல்லை. அன்றே எனக்கு அது விளங்கியது. முந்தாநாள்தான் வீராயி என் கண்ணைத் திறந்திருந்தாள்.

"பாத்தேரா, மூத்திரம் போவுது. முத்தின வெறி" என்றார் பரமசிவம்.

வந்தவர்களில் பெரியவர் தாளைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். அவருக்கும் நாய்கள் பழக்கம்தானே. "ஜாக் கிஸ்னே தேக்கா?" என்று கேட்டார். நுரையைப் பார்த்தது யார்?

பரமசிவம் என்னைப் பார்த்தார். வீராயி என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க சார்" என்றாள்.

இனி முடிவுகள்.

(அ) "யாரும் பார்க்கவில்லை. எழுதியது நான், அது பொய்" என்கிறேன். பெரியவர் வளையத்தைச் சுருட்டிக்கொண்டு, "அச்சா, தஸ் தின் பாந்த் கே ரக்கோ" என்று பத்து நாள் கட்டிவைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். பத்தாம் நாள் செம்பி இடுப்பும் சேர்ந்து ஆட வாலாட்டுகிறது. கோமதிக்கு ஊசி இல்லை.

இந்த முடிவோடு 1982-இல் ஒரு பத்திரிகையில் இந்தக் கதை வெளிவந்தது. பெயர்களை மாற்றியிருந்தேன். கிளார்க்கின் மனசாட்சியைப் பாராட்டி நாலைந்து கடிதங்கள் வந்தன. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தேன். போன வருஷம்தான் எரித்தேன். அதே வாயில் இரண்டாம் தடவை நுரை வைத்ததற்குக் கிடைத்த பாராட்டு அது.

(ஆ) வீராயி முடிச்சை அவிழ்க்கிறாள். நாய் நாலாவைத் தாண்டி ஓடிப்போகிறது. வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் நாய் காணாமல் போனாலும் கோமதிக்குப் பதினாலு ஊசி. வீராயிக்கு இது தெரியும். அதனால்தான் அவள் கையில் முடிச்சு இருந்தும் அவிழ்க்கவில்லை.

(இ) நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "மாலூம் நஹீ, பையா" என்றேன். தெரியாது என்று. ஆறாம் கட்டத்தில் எழுதியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பரமசிவத்திடம் சொல்லிவிட்டு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நாய் குரைக்கவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் என்னுடைய நகலை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, நுரை தள்ளிய நாய், அதையும் காலையிலேயே கொன்றுவிட்டார்கள், இனி யோசிக்க என்ன இருக்கிறது என்றார். பதினாலு நாள். பரமசிவத்துக்கு லீவு கிடைக்காத ஐந்து நாட்களில் கோமதியின் கால்களை அழுத்திப் பிடித்தவன் நான். ஒன்பதாம் நாள் அவள் அழவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உடம்பைக் கட்டையாக்கிக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்து டிஸ்பென்ஸரி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். உள்ளே போய் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மீதி ஐந்து ஊசி நின்றிருக்கலாம், நாய் செத்தபின் நிற்காமலும் போயிருக்கலாம்.

வண்டி வந்த மறுநாளிலிருந்து வீராயி என் வீட்டுக்கு வரவில்லை. கீழ் வீட்டுக்கு வந்தாள்.

8

இது 1986 டிசம்பர். கோமதி எட்டாவது படிக்கிறாள். தெருவில் நாய் இருந்தால் இரண்டு பிளாக் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். தன்னைக் கடித்தது வெறிநாய் என்றும், அங்கிள் எழுதிக் கொடுத்ததால்தான் பிழைத்தாள் என்றும் அவளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பொங்கலன்று என் காலில் விழுந்து நமஸ்காரம் செய்கிறாள்.

கணக்குச் சந்தேகம் கேட்க மாடிக்கு வருவாள். இன்றும் வந்தாள். மேலே உள்ள ஏழாம் பகுதியை முடித்து நிமிர்ந்தபோது மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பயமில்லை. அவளுக்குத் தமிழ் படிக்க வராது. ஹிந்திதான். இந்தக் கதையை எழுதும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யோசித்திருந்தால், அதிலிருந்துதான். இந்த உலகத்தில் யார் இதைப் படிக்க வேண்டுமோ அவளால் இதைப் படிக்க முடியாது.

"அங்கிள், யே மேரா நாம் ஹை நா?" என்றாள். தாளில் விரலை வைத்திருந்தாள். அவள் அப்பா அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த தமிழ் வார்த்தை ஒன்றே ஒன்று. கோமதி.

"ஆமாம்."

"இங்கயும் இருக்கு. இங்கயும். என்னப் பத்திக் கஹானியா? நான் என்ன பண்றேன் அதுல?"

"சின்னப் பொண்ணா இருக்கே."

"ஷுரு சே, மொதல்லேருந்து படிச்சுக் காட்டுங்கோ அங்கிள். ப்ளீஸ்."

கணக்கு நோட்டை மூடிவிட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தாள்களை அடுக்குகிறேன் என்ற சாக்கில் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எதைத் தாண்டிப் படித்தாலும் அவளுக்குத் தெரியப் போவதில்லை. 1982-இல் வந்த முடிவைப் படித்தால் சந்தோஷப்படுவாள். எல்லாவற்றையும் படித்தால், நாளைக் காலையில் எந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போவாளோ, என் வீட்டு மாடியை இனி ஏறுவாளோ, எனக்குத் தெரியாது.

உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். இங்கே எழுதியிருப்பதும் நான் வாய்விட்டுப் படிப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்க்க இந்த அறையில் வேறு யாரும் இல்லை. என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். முதல் வரியைப் படிக்கப் போகிறேன்.